குட்டையை மூடிய வருடம்

நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது, மனை விற்றவர்கள் வைத்த பலகையில் 'ஏரிக்கரை வீடுகள்' என்று எழுதியிருந்தது. ஏரி எதுவும் இல்லை. எங்கள் குடியிருப்பின் நடுவில் ஒரு குட்டை மட்டும் இருந்தது. சுற்றிலும் வயலாக இருந்த காலத்தில் ஒரு விவசாயக் குடும்பம் தங்கள் பட்டா நிலத்தில் பாசனத்துக்காக வெட்டியது. வயல்களை மனையாக விற்றவர்கள், குட்டையை மட்டும் விற்காமல் குடியிருப்போர் சங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கத்துடையதும் அல்ல, கோயிலுடையதும் அல்ல. அது எங்கள் வீடுகளுக்கு மட்டுமே சொந்தம்.

என் கணவருக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் நான் குட்டைக் கரையில் நடப்பேன். பக்கத்து வீட்டு அக்காவும் கூட வருவார். தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் அவர் நர்ஸ். கணவர் இறந்த பிறகு மகனைத் தனியாக வளர்த்தவர். அவன் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவோம்.

ஒரு கோடையில் ஆகாயத்தாமரை குட்டை முழுக்கப் படர்ந்துவிட்டது. கொசு தாங்கவில்லை. நாமே இறங்கிச் சுத்தம் செய்துவிடலாம் என்று சங்கத்தில் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செடிகளைப் பிடுங்கிக் கொடுக்க, மற்றவர்கள் இழுத்துக் கரையில் குவித்தோம். ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. எப்போதோ செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று வடக்கு ஓரத்தில் தண்ணீருக்கடியில் இருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அக்காவின் மகன் அந்தப் பக்கம் போனான். செடிகளுக்கு நடுவில் அவன் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை. விளையாடுகிறான் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் முதலில் நினைத்தார்கள். வெளியே தூக்கி வந்து கிடத்தியதும் அக்காவே மண்டியிட்டு மகனின் மார்பை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. வந்தவர்கள் அவர் கைகளைப் பிடித்து விலக்க வேண்டியிருந்தது.

காரியங்கள் முடிந்தபின் நடந்த சங்கக் கூட்டத்துக்கு அக்கா வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அதை மூடிடுங்க. காலையில கதவைத் திறந்தா அதுதான் முன்னாடி நிக்குது. என்னால முடியல" என்றார்.

அன்றைக்கே மூடுவதென்று முடிவானது. தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட்டார்கள். கட்டட இடிபாடும் மண்ணும் லாரி லாரியாக வந்து விழுந்தன. மேலே செம்மண் பரப்பிச் சமன் செய்ததும், பல நாள் சாத்தியே கிடந்த ஜன்னலை அக்கா திறந்தார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. முன்பெல்லாம் தெருத் தண்ணீர் சரிவில் ஓடிக் குட்டையில் இறங்கிவிடும். இப்போது இறங்க இடமில்லாமல் வீடுகளுக்குள் ஏறியது. எல்லாவற்றிலும் தாழ்வான வீடு அக்காவுடையது. நாங்கள் ஓடிப் போனபோது அவர் முழங்கால் தண்ணீரில் நின்று மகனின் துணிகளையும் புத்தகங்களையும் கட்டில்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் எங்கள் மாடிக்குச் சுமந்து வந்தோம். நனைந்துபோன ஒரு சட்டையை மட்டும் அவர் யாரிடமும் தரவில்லை. தானே பிழிந்து எங்கள் வீட்டுக் கொடியில் காயப் போட்டார்.

மழை விட்டதும் சங்கத் தலைவர் தயங்கியபடி வந்து நின்றார். அவர் பேசுவதற்கு முன் அக்காவே ஆரம்பித்தார்.

"தோண்டிடுங்க சார். இன்னொரு தடவை யார் வீட்டுலயும் தண்ணி ஏறக் கூடாது. ஆனா நான் இங்க இருந்து அதைப் பாக்க மாட்டேன்."

"நீங்க எங்கயும் போக வேணாம்க்கா" என்றேன்.

"கோவிச்சுக்கிட்டுப் போகலம்மா. இங்கயே இருந்தா தினம் அவனைத் தேடிக்கிட்டே இருப்பேன்."

ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டு மாடிக்குக் குடிபோனார். குட்டையை மறுபடி வெட்டினார்கள். இம்முறை பள்ளமில்லாமல் அடியைச் சமமாக்கி, சுற்றிலும் கம்பி வேலி போட்டார்கள். அடுத்த மழையில் தண்ணீர் அங்கே போய் நின்றது. வீடுகளுக்குள் வரவில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். நானாக அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காபி டம்ளரை என் கையில் கொடுத்தவர், "தண்ணி நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குதுக்கா. பாதிக்கு மேல இருக்கு."

"வேலி?"

"போட்டு, கதவையும் பூட்டி வச்சிருக்காங்க."

"சின்னப் பசங்க ஏறிக் குதிச்சிருவாங்க. பாத்துக்கங்க."

அவருக்கு டூட்டிக்கு நேரமாகியிருந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். காவிரிப் பாலத்தில் பஸ் போனபோது ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் குனிந்து, மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.