ஏழாகத் தெரிந்த ஆறு புள்ளி ஆறு

விஜயபுரத்திலிருந்து பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்திருந்த பத்மாவதி, கூட்டத்தில் எழுந்து நின்று தன் ஊர்ப் பெண்களின் ரத்தக் கணக்குப் பேப்பரை வாசித்தாள். ரத்தசோகைக்காக ஒரு டிரஸ்ட் மாதாமாதம் நடத்தும் கூட்டம் அது. கர்ப்பிணிப் பெண்களை முகாமுக்குக் கூட்டி வருவதும், ரத்தப் பரிசோதனை முடிவை வீட்டுக்கு வீடு போய்ச் சொல்வதும் அவள் வேலை. படிப்பு அஞ்சாவதோடு நின்றுபோனது. அச்சும் மங்கல். புள்ளி கண்ணில் படாமல், ஒரு பெண்ணின் ரத்த அளவான ஒன்பது புள்ளி எட்டைத் தொண்ணூற்றெட்டு என்று வாசித்துவிட்டாள்.

மேற்பார்வை பார்க்கும் நாகபூஷணம் விடுவாரா? “அவ்ளோ ரத்தம் இருந்தா அந்தப் பொண்ணு ஏழு மலையையும் ஒரே மூச்சுல ஏறிடுமேம்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த சுமித்ரா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் எல்லா ஊர்ப் பேப்பரும் பெரிய எழுத்தில், புள்ளியே இல்லாமல், முழு எண்ணாக வந்தன. யாருக்காக மாற்றினாள் என்று அவள் வாய் திறக்கவில்லை. பத்மாவதிக்குப் புரிந்தது. கோவிந்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சுமித்ரா திருத்தணிப் பக்கத்துப் பெண். அவள் நைனா லாரி ஓட்டுகிறவர். புள்ளியியல் படித்துவிட்டு, திருப்பதியில் இன்னும் இரண்டு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ்காரர்களை விட்டுவிட்டு, கிராமத்திலிருந்து வந்த பெண்களோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். அவள் பேசும் தெலுங்கில் பாதி தமிழாக இருக்கும். அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே அவளைத் தெலுங்கில் பேசு பேசு என்பார்கள். அவளும் சளைக்காமல் பேசுவாள்.

ஆஸ்பத்திரி லேபிலிருந்து வரும் ரத்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு, ஊர்வாரியாகப் பேப்பர் எடுத்துத் தருவது அவள் பொறுப்பு. அந்தப் பேப்பரை வைத்துத்தான் நர்ஸ் கலைவாணி முடிவு சொல்வாள். ஏழுக்குக் கீழே என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. ஏழோ அதற்கு மேலோ என்றால் மாத்திரை, அடுத்த மாதம் மறுபடி பரிசோதனை.

பத்மாவதியின் மகள் கன்னிகா தலைச்சன் பிள்ளைக்கு ஏழு மாதமாக இருந்தாள். பேப்பரில் அவளுக்கு ஏழு என்று வந்தது. கலைவாணி மாத்திரை கொடுத்து, கீரை துன்னச் சொல்லி அனுப்பினாள். ஆனால் அந்தப் பெண்ணால் வாசலைப் பாதி பெருக்குவதற்குள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்காராமல் இருக்க முடியவில்லை. உதடு வெளுத்துக்கொண்டே போனது. படித்தவர்கள் கொடுத்த பேப்பரைத் தப்பு என்று நாம் எப்படிச் சொல்வது என்று பத்மாவதி சாமி விளக்கின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். கடைசியில், தப்பு என்று சொல்ல வேண்டாம், பெண் படும் பாட்டை மட்டும் சொல்லுவோம் என்று சுமித்ராவுக்குப் போன் போட்டாள்.

சுமித்ரா பொறுமையாகக் கேட்டாள். கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் வந்தது. அப்புறம் குரல் வந்தது.

“அக்கா, உள்ளே ஆறு புள்ளி ஆறு கீது. காட்டும்போது முழு எண்ணா காட்டுன்னு நான்தான் ஒரு வரி எழுதி வெச்சேன். பாதிக்கு மேல இருந்தா அது மேல தள்ளிடும். நீங்க ஏழுன்னு பாத்தது, முகம் கழுவிப் பொட்டு வெச்ச எண்ணு. கன்னிகாவ இப்பவே கூட்டிக்கினு கெளம்புங்க.”

பத்மாவதி மகளோடு உடனே கிளம்பினாள். நாராயணவனம் தாண்டும்வரை மகளின் தலையை மடியில் வைத்து நாமம் சொல்லிக்கொண்டே வந்தாள். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சுமித்ரா நின்றிருந்தாள். அதற்குள் வெதுருகுப்பம் பக்கத்தில் இப்படியே ஏழாகிவிட்ட வேறு சில பெண்களுக்கும் அவளே போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். கன்னிகாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். விடிந்தபோது அவள் இட்லி கேட்டாள். பத்மாவதி வராந்தாவுக்கு வந்து, மலை இருக்கும் பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தால் நடந்தே மலையேறி வருகிறோம் என்று வேண்டிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் சுமித்ரா தானாகவே எழுந்து, நர்ஸ் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்றாள். நாகபூஷணம் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதற்குப் பிறகு வந்த பேப்பரில் புள்ளி மிளகு அளவுக்குப் பெரிதாக இருந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி என்றோ மாத்திரை என்றோ எழுதியும் வந்தது. உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்து முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் அழகுபடுத்தும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருப்பதாக அவள் பெண்களுக்கு விளக்கினாள்.

கன்னிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தலை நின்றதும் பத்மாவதி வேண்டுதலை முடிக்க, மலைப்படி தொடங்கும் அலிபிரிக்கு மகளோடு வந்தாள். சுமித்ராவுக்குப் புனேவில் வேலை கிடைத்து, மறுநாள் ரயில். மலையேறுகிறவர்களை வழியனுப்ப வந்தவள் பத்மாவதியோடு சேர்ந்து முதல் படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், கற்பூரம் ஏற்றினாள், குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொண்டாள். இவ்வளவு தூரம் போகிறாயே, இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்யலாமோ கூடாதோ என்று பத்மாவதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

சுமித்ரா குழந்தையைக் கன்னிகாவிடம் கொடுத்துவிட்டு, பத்மாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போன் பண்ண யோசிக்கவே யோசிக்காதீங்கக்கா. அன்னிக்கு நீங்க பண்ணலன்னா, அந்தப் பேப்பர் எவ்ளோ அழகா கீதுன்னு நான் இன்னும் பாத்துக்கினே இருந்திருப்பேன்.”