வாய்க்கால் கரைப் பிள்ளை

நாவடக்கம் ஓர் அறம். ஆயினும் அறங்களுள் அதுபோல் எளிதில் திரிவது வேறில்லை. பொழுதறிந்து காத்தால் அமுது. பொழுது தப்பினால் அதே கலத்தில் நஞ்சு. இவ்வறத்தைப் பல்லாண்டு வழுவாது காத்தவர் குவாபாரா சிஸுரு. காத்ததற்கு அவர் பெற்ற கைம்மாறு இன்னதென்று அறிந்தால், அறத்தின் மேலேயே நமக்கொரு மனத்தாங்கல் உண்டாகும்.

குருமிஸே, தோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிறுநகர். விடியலில் ஊரில் பாதி தலைநகருக்கு உழைக்கப் போகும். இருட்டியபின் உறங்க வந்து சேரும். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊராரே முதலில் சிரிப்பர். சோயாச்சாறு வடிப்பவரின் கறுப்புக் கிடங்கு, கோவிலின் முதிய கிங்கோ மரம், பழைய வாய்க்காலின் மதகு, மதகை ஒட்டிப் பயற்றுப் பூரணம் வைத்த பணியாரக் கடை. காட்சி அவ்வளவே. ஆயினும் ஊருக்கு 'ஊர் காட்டுவோர் சங்கம்' ஒன்று இருந்தது. பணி ஓய்ந்த முதியோர் மஞ்சள் மேலங்கி அணிந்து, சிறு கொடி பிடித்து, வந்தவரை ரயில் நிலையத்தில் எதிர்கொண்டு, இருப்பதைக் காட்டி, பணியாரம் தின்னவைத்து, மறுபடி ரயிலேற்றி விடுவர்.

சிஸுரு அச்சங்கத்தில் சேர்ந்தபோது, "ஊர்மேல உங்களுக்கு அவ்வளவு பிரியமா?" என்று வியந்தனர். அவர் புன்னகைத்துத் தலை தாழ்த்தினார்.

காரணம் ஊர் அன்று. மதகிலிருந்து கோவிலுக்குச் செல்லும் கரைவழியில், முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது. மொட்டைத் தலையும் மூடிய கண்ணும் குழந்தை முகமும் கொண்ட ஜிஸோ. இறந்த பிள்ளைகளை மறுகரை சேர்க்கும் இறைவர். அக்கல்லை நாட்டியவர்கள் சிஸுருவும் அவர் கணவர் தகெஜியுமே. அவர்களின் ஒரே மகன் கஸுமா, ஐந்து வயதில், தட்டானைத் துரத்தி ஓடி அவ்விடத்தில்தான் நீரில் விழுந்தான். ஜிஸோவின் கழுத்தில் கட்டும் சிவப்புத் துணியை ஆண்டுதோறும் சிஸுரு தம் கையால் தைத்துக் கட்டினார்.

பிள்ளை பிறந்த நாள்முதல் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'அப்பா', 'அம்மா' என்றே அழைத்து வந்தனர். அந்நாட்டில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் அதுவே வழக்கு. பிள்ளை போனபின் அவ்விரு சொற்களும் அவ்வீட்டில் ஒலிக்கவில்லை. 'இந்தாங்க' என்றும் 'கேட்டியா' என்றும் ஆண்டுகள் கழிந்தன. மகன் பெயரையும் எவரும் எடுக்கவில்லை. இருவர் நடுவே அப்பெயர், சுடுசோற்றுப் பானையைப் போல், தொடப்படாமல் இருந்தது.

வாய்க்கால் கரையில் ஒரு முதியவள் தனியே நின்றால் யாரேனும் அணுகி நலம் கேட்பர். மஞ்சள் மேலங்கியும் கொடியுமாக நின்றால் ஒருவரும் கேளார். அதற்காகவே அவர் ஊர் காட்டினார். கல்லின் முன் வந்ததும் அவர் சொல்வது ஒன்றே: "இந்தக் கரையில விளையாடுற பிள்ளைங்களப் பாத்துக்கிற ஜிஸோ இது. வழுக்கும், ஓரமா வாங்க." சொல்லிவிட்டு, மூச்சு வாங்குபவர்போல் சற்றே நிற்பார். அந்நிற்றலே அவருக்கு வழிபாடு.

அண்டை ஊரில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் படமெடுத்தார்கள். அங்கே கூட்டம் மொய்த்தது. குருமிஸே சங்கத்தின் தலைவர் ஒனோதெராவுக்கு அது பொறுக்கவில்லை. வங்கிக் கிளையொன்றை ஆண்டு ஓய்ந்தவர் அவர், நல்லவர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர். மழைக்காலத்துக் கூட்டம் ஒன்றில் எழுந்து, முகமெல்லாம் ஒளிர, தம் திட்டத்தை விரித்தார்.

"கரையில நிக்குற ஜிஸோவுக்குன்னு ஒரு கதையே இல்ல. அதான் நான் ஒண்ணு கட்டியிருக்கேன். சாமுராய் பொண்ணு, படகோட்டி பையன். ரெண்டு பேரையும் அந்தக் கல்லு சேத்து வச்சுச்சு. சின்னவங்க வந்து செவப்பு நூல் கட்டுவாங்க, ஃபோட்டோ புடிப்பாங்க. காதலைச் சேத்து வைக்குற ஜிஸோ! எப்படி?"

"தலைவரே, படகோட்டுற அளவுக்கு நம்ம வாய்க்கால்ல தண்ணி ஏதுங்க?" என்று ஒருவர் கேட்க, அவை சிரித்தது.

"கதையில ஓடும்யா! சரி, யாருக்காவது வேற எண்ணம் உண்டா?"

அவ்வினா அந்நாட்டில் விடை வேண்டி எழுப்பப்படுவதன்று. எதிர்ப்பு இருந்தால் கூட்டத்திற்கு முன்பே தனியே சென்று சொல்லியிருக்க வேண்டும். அவையில் சொல்வது தலைவரின் முகத்தைக் கிழிப்பது. ஆயினும் அவ்வறையில் உண்மை அறிந்த முதியோர் நால்வர் இருந்தனர். கஸுமாவை நீரிலிருந்து எடுத்தவரும் அவர்களுள் ஒருவர். அவர்களில் யாரேனும் வாய் திறப்பர் என்று சிஸுரு காத்திருந்தார். தம் துயரைத் தாமே அவையில் வைப்பது நாணமில்லாச் செயல் என்று அவர் கருதினார். நால்வரோ, தாயே வாளாவிருக்க நாம் முந்திப் பேசி அவள் புண்ணைத் திறப்பதா என்று தேநீர்க் கிண்ணத்தையே நோக்கியிருந்தனர். ஒருவர்மேல் ஒருவர் கொண்ட இரக்கத்தால் ஒருவரும் பேசவில்லை. ஒனோதெரா கைதட்டினார்; அனைவரும் கைதட்டினர்; சிஸுருவும் தட்டினார்.

அந்நால்வருள் ஒருத்தி மதகடிப் பணியாரக் கடைக்காரி முகாய் கயோ. வெளியே வந்ததும் குடையோடு அருகில் ஒட்டி நடந்து, "என்னங்க குவாபாரா-சான், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீங்களே சும்மா இருந்தா நாங்க எப்படி முந்திக்கிட்டுப் பேசுறது?" என்றாள்.

"உங்க மனசையும் கஷ்டப்படுத்திட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றார் சிஸுரு. புண்பட்டவரே மன்னிப்புக் கேட்கும் நாடு அது.

கிங்கோ இலை பொன்னிறம் ஏறிய நாளில் ஊர் பார்க்க முதல் கூட்டம் வந்தது. இளம் இணைகள் பலர், சில முதியோர், பின்னால் ஒனோதெராவும். கரைவழியில் திரும்பியதும் சிஸுருவின் கண் கல்லைத் தேடியது. கல்லைச் சுற்றி இதய வடிவில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருந்தது. கழுத்தில் அவர் தைத்த துணி இல்லை. இதயம் அச்சிட்ட புதுத்துணி மின்னியது.

"தலைவரே, முன்னாடி கட்டியிருந்த துணி..."

"அதுவா? வெளுத்துப் போயிருந்துச்சுல்ல, குப்பையில போட்டாச்சு. இது நல்லா பளிச்சுனு இல்ல?"

இளம்பெண் ஒருத்தி குந்தி, ஜிஸோவின் கன்னத்தைக் கிள்ளுவதுபோல் விரல் வைத்துப் படத்துக்குச் சிரித்தாள். அவள் காதலன் கல்லின் கழுத்தில் சிவப்பு நூலை இறுக்கினான்.

"டேய், மெதுவாக் கட்டுடா, கழுத்து நெரியுது பாரு!" என்று அவள் கலகலத்தாள்.

எல்லோரும் கதைக்காகச் சிஸுருவின் முகத்தை நோக்கினர். சாமுராய் மகள் நாவில் வரவில்லை. பல்லாண்டு காவலிலிருந்த நா, காவலன் அயர்ந்த கணத்தில் தானே எழுந்தது.

"இங்க என் பையன் செத்துப் போனான். அஞ்சு வயசு. தண்ணியில விழுந்துட்டான். இந்தக் கல்ல நாங்கதான் வச்சோம். பேரு கஸுமா."

நூல் கட்டியவன் கையை எடுத்துக்கொண்டான். ஒரு மூதாட்டி மூக்கை உறிஞ்சினார். பின் யாரோ ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், மெல்லக் கைதட்டினார். அதைத் தொடர்ந்து எல்லோரும் தட்டினர். நிகழ்ச்சியின் முடிவில் தட்டுவதுபோல், அளவாக, மரியாதையாக.

"என்னமா சொன்னாங்க! எனக்குப் புல்லரிச்சுருச்சு" என்றாள் அவ்விளம்பெண்.

கூட்டம் கோவிலை நோக்கி நகர்ந்ததும் ஒனோதெரா வந்து ஆழக் குனிந்தார். அவர் கண்ணில் உண்மையான நீர் இருந்தது, அதுதான் கொடுமை. "எனக்குத் தெரியவே தெரியாதும்மா. ஒருத்தரும் சொல்லலையே. மன்னிக்கணும்." பின் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா... ஜனங்க எப்படி உருகிட்டாங்க பாத்தீங்கள்ல? முதல்ல காதல் கதை, கடைசியில இது. ஒவ்வொரு தடவையும் இதையே சொல்லலாமே. உங்களுக்கும் மனசு ஆறும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் சிஸுரு. அந்நாட்டில் அதற்கு மறுப்பு என்று பொருள். ஒனோதெராவுக்கும் அது தெரியும். ஆயினும் அவர் இசைவாகவே எடுத்துக்கொண்டார்.

மாலையில் சிஸுரு சுட்ட கானாங்கெளுத்தியைத் தகெஜியின் முன் வைத்து, எதிரே அமர்ந்தார். மீன் ஆறிக்கொண்டிருந்தது. தகெஜி ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். வீட்டில் பேச்சைச் சிக்கனமாகச் செலவிடுபவர்.

"முகாய் ஃபோன் பண்ணிச்சு" என்றார் அவர்.

"ம்."

"கைதட்டுனாங்களாமே."

"ம்."

அவர் சாப்பாட்டுக் குச்சிகளை இணையாக அடுக்கி வைத்தார். பிறகு, துருப்பிடித்த கதவைத் திறப்பவர்போல் குரலைத் திறந்தார்.

"அம்மா."

சிஸுரு நிமிரவில்லை. நிமிர்ந்தால் அச்சொல் பறந்துவிடுமோ என்று அஞ்சியவர்போல் இருந்தார்.

"கஸுமாவக் கூட்டிட்டு வந்துரலாம்மா. அங்க விட்டு வைக்க வேணாம்."

"கல்லத் தூக்கவா? அது நகராட்சி எடமாச்சே. கேட்டா தலைவர் முகத்துக்கு..."

"கல்லு கெடக்கட்டும். கல்லு யாருக்கு வேணும்?"

இரு நாள் கழித்து, பனி விலகாத விடியலில், கோவில் குரு தம் மணியோடும் தூபத்தோடும் கரைக்கு வந்தார். கல்லில் குடியேற்றிய உயிரை மந்திரம் சொல்லி எழுப்பி அனுப்பும் சடங்கு ஒன்று உண்டு. கல்லறையை இடம் மாற்றுவோர் செய்வது. இளையவராகிய குரு ஐயத்தோடு கேட்டார்.

"ஓதி முடிச்சிட்டா இது வெறும் கல்லுதான். அப்புறம் இங்க வந்து கும்புட்டாலும் ஒண்ணும் இல்ல. சம்மதந்தானே?"

"அதுக்குத்தான் சாமி உங்களக் கூப்பிட்டோம்" என்றார் தகெஜி.

சிஸுரு நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இதயத் துணியைக் கழற்றினார். கல்லின் முகத்தை வெந்நீரால் துடைத்தார். காதின் பின்புறமும் துடைத்தார், பள்ளிக்கு அனுப்புமுன் துடைப்பதுபோல். குரு ஓதினார். மணி ஒலித்து அடங்கியது. எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. நீர் முன்போலவே ஓடிற்று. சிஸுரு குந்தி, இதயத் துணியைப் பழையபடி கட்டி, முடிச்சை நேர்செய்து, நூல்களையும் திரும்ப மாட்டினார். பிறர் பொருளைப் பிறருக்கே விட்டுச் செல்லும் நேர்த்தி அது.

வீடு திரும்புகையில் இருவரும் நடுவே ஓர் ஆள் அகலம் இடம் விட்டு நடந்தனர். தகெஜி நீர்ப்பக்கமாக நடந்தார். "இப்படி ஓரமா வாடா" என்று ஒருமுறை அவர் சொன்னது குருவின் காதிலும் விழுந்தது.

சிஸுரு சங்கத்தை விட்டு விலகுவார் என்று முகாய் எண்ணினாள். அவர் விலகவில்லை. அடுத்த கூட்டம் வந்தபோது மஞ்சள் மேலங்கியோடு கல்லின் முன் நின்று, சாமுராய் மகளையும் படகோட்டி மகனையும் பிசிறின்றிச் சொன்னார். இல்லாத நீரில் படகு ஓடிற்று. இல்லாத நிலவு எழுந்தது. இளையோர் நெகிழ்ந்து நூல் கட்டினர். "மகன் கதையும் சொல்லுங்களேன்" என்று ஒனோதெரா கண்ணால் கெஞ்சினார். சிஸுரு கொடியை உயர்த்தி, "அடுத்து கோவில், இப்படி வாங்க" என்று நடந்தார். முன்போல் அங்கே நிற்கவில்லை.

பணியாரக் கடையில் முகாய் அவரைத் தனியே பிடித்துக்கொண்டாள். "எப்படிங்க நாக்கு வருது உங்களுக்கு? அந்தக் கல்லு முன்னாடி நின்னு பொய் சொல்ல வலிக்கலையா?"

சிஸுரு சூடான பணியாரத்தைப் பிட்டார். பாதியைத் தாளில் பொதிந்து பையில் வைத்தார்.

"கல்லுக்கு முன்னாடி யாரு வேணா என்ன வேணா சொல்லலாம் முகாய்-சான்" என்றார். "அன்னைக்கு அந்த ரூம்ல நீங்கல்லாம் இருந்தீங்க. அதுதான் வலிக்குது."

அவர் வாயிலிருந்து யாரையேனும் நோக்கி வந்த முதற் கடுஞ்சொல் அது. முகாய் தலை குனிந்தாள். சிஸுரு மன்னிப்புக் கேட்கவில்லை; பையை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பிள்ளைக்குப் பணியாரம் ஆறிவிடக்கூடாது.

மகனுக்கென அவ்வீட்டுப் பீடத்தில் படைத்து வைக்கும் முதற்சோற்றின் ஆவி என்றும் அடங்காதிருக்க. பிந்தி வந்த 'அப்பா', 'அம்மா' என்னும் சொற்கள் இனி அவ்விருவரும் உள்ளளவும் அவ்வீட்டில் ஒலிக்க. நீர் அவ்வாயிலைத் தீண்டாதிருக்க. குவாபாரா குடி மூவராய் வாழ்க.