பின் துருப்பிடிக்கும் என்று நினைத்தவன்

மூல நோய்க்கு ஆபரேஷன் செய்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் அது துருப்பிடிக்கும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். திருநெல்வேலியில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகப் பழைய கோப்புகளைப் பிரிக்கிறவன் நான். பின் இருந்த இடத்தில் காகிதம் பழுப்பேறி ஓட்டையாகியிருக்கும். தினமும் கல்லிடைக்குறிச்சி படித்துறையில் இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு அந்த இடம் என்ன கதியாகும்?

டாக்டர் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்.

"அது டைட்டானியம், துருப்பிடிக்காது. இறங்கி வந்த சதையை மேல இழுத்து, கூடுதலா இருக்கதை வட்டமா வெட்டி, பின் போட்டுருவோம்."

துருப் பயம் தீர்ந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டினார்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு கையெழுத்து போடுங்க."

இதே வார்த்தையை ஆபீஸில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! எவராவது வாசிக்கத் தொடங்கினால், "வாசிச்சு என்ன வே செய்யப் போறீரு? போடும்" என்று விரட்டுவேன். அன்று நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ரத்தம் போகலாம். சீழ் பிடிக்கலாம். வழி சுருங்கலாம். மலத்தை அடக்க முடியாமல் போகலாம்.

அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு ஒரு மணி நேர பஸ். நடுவழியில் எந்தக் கண்டக்டர் எனக்காக விசிலடிப்பார்?

"இது எத்தனை பேருக்கு வரும்?"

"ரொம்ப அபூர்வம் அண்ணாச்சி."

"அந்த அபூர்வம் நான் இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

பக்கத்தில் நின்ற என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் வாசிக்க விடாம விரட்டுனீயள்லா, அந்தப் பாவம்தான். போடுங்க கையெழுத்தை!"

போட்டேன். அது மாஞ்சோலை மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து கீழே இறங்கியது. தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் முதுகில் ஊசி போட்டு, காலையிலேயே ஆபரேஷனை முடித்துவிட்டார்கள். சாயங்காலம்வரை அந்த நாலு ஆபத்தும் எந்த வரிசையில் வரும் என்று காத்துக் கிடந்தேன். ஒன்றும் வரவில்லை. சிறுநீரும் வரவில்லை. வயிறு பானையாகிவிட்டது.

"இதுவும் படிவத்துல உண்டே அண்ணாச்சி, மறுபக்கம் மொத வரி" என்றார் நர்ஸ்.

குழாய் போட்டார்கள். மறுநாள் மதியம் எடுத்தார்கள், தானாகப் போனது. இரண்டு வாரம் கழிப்பறைக்கு அவசரமாக ஓட வேண்டியிருந்தது. ஆனால் அடக்க முடிந்தது. மூன்றாவது வாரம் ஆபீஸுக்கு பஸ் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கினேன்.