மஞ்சள் எழுத்தில் சொன்னவன்

காலையில் முகம் கழுவியதும் அவன் முதலில் திறப்பது தம்பியின் கடையைத்தான். ஷட்டரைத் தூக்கி அல்ல. கணினித் திரையில் அந்தக் கண்ணாடிக் கடைக்கென்று இருக்கிற பக்கத்தை. மேலே கண்ணாடி போட்ட ஒரு பெண் சிரிக்கிறாள். கீழே கடை திறந்திருக்கும் நேரம். அதற்கும் கீழே கண் பரிசோதனைக்கு நேரம் குறித்துக்கொள்ளும் கட்டம். அதில் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பான். பெயர் கேட்கும் இடத்தில் ‘சோதனை’ என்று தட்டுவான். ‘உங்கள் நேரம் பதிவாகிவிட்டது’ என்று வந்த மறுநொடி ‘ரத்து செய்’யை அழுத்திவிடுவான். தம்பி கடைக்கு வந்து விளக்கைப் போடும்போது, அண்ணன் வந்து போன சுவடு இருக்காது. அதற்குப் பிறகுதான் தேநீர்.

“தினமும் என்னடா அதையே நோண்டுற?” என்று கேட்டேன்.

“இதுதான் மாமா வேலை. எல்லாம் ஓடுதான்னு பார்க்கணும்ல.”

“உலகத்துல எத்தனையோ பக்கம் இருக்கு. அதையெல்லாமா பார்க்கிற?”

“அதையெல்லாம் மிஷின் பார்த்துக்கும்” என்றவன், கோப்பைக்குள் தூசி விழுந்த மாதிரி உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் அம்மாவும் நானும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அந்த வகையில் நான் மாமன். நான் கீழ்த்தளம், அவன் மாடி. முழங்கால் ஒத்துழைக்கிற நாட்களில் ஏறிப் போவேன். அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவன் உட்காருவான், இன்னொன்றில் அவன் சட்டைகள் உட்கார்ந்திருக்கும். நான் போனால் சட்டைகள் கட்டிலுக்கு இடம் மாறும். கட்டிலின் ஒரு பாதி எப்போதும் துணிகளுக்குத்தான்.

அவன் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி அவனே ஒரு நாள் சொன்னான். இணையத்தில் பக்கம் கட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் செங்கல் சூளையிலிருந்து தொடங்க முடியாதாம். கதவு, சன்னல், படிக்கட்டு எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்த சட்டகம் ஒன்று உண்டு. அதை எடுத்து நிறுத்தி, சுவரை மட்டும் தங்கள் விருப்பத்துக்கு எழுப்பிக்கொள்வார்கள். அந்தச் சட்டகத்தையும் அதற்கான கருவிகளையும் பராமரிக்கிற சிலரில் இவன் ஒருவன். இங்கே கீலை மாற்றினால் எங்கெங்கோ கதவுகள் முனகும். அதனால் ஒவ்வொரு புதுப்பிப்பும் இவனுக்குப் பிரசவம். எங்கள் கட்டடத்துக் காவலாளி இவனை ‘அப்டேட் சார்’ என்றுதான் கூப்பிடுவார். தபால்காரருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

எதையும் சட்டென்று எடுக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் மரியாதை. பழைய வசதி ஒன்றை நீக்குவதென்றால், ‘இது போகப்போகிறது, மாறிக்கொள்ளுங்கள்’ என்று கருவியின் திரையில் மஞ்சள் எழுத்தில் பல மாதங்கள் காட்டுவார்கள். அந்தப் பழக்கம் இவன் உடம்பிலேயே ஊறிவிட்டது. பால்காரரிடம், “இந்த மாசம் ரெண்டு பாக்கெட்டே போடுங்க, அடுத்த மாசத்துலேருந்து ஒண்ணாக்கப் போறேன், இப்பவே சொல்லி வைக்கிறேன்” என்பான். முடிவெட்டுகிறவரிடம்கூட முன்னறிவிப்பு உண்டு. கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் இப்படித்தான் யோசித்துச் சொல்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றான். அந்தப் பெண்ணின் மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான்.

கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள். இவன் விழித்திருக்கும்போது அவர்களில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. இவன் நல்லது செய்தால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். உடம்பு சரியில்லை என்றால் பூ ஒன்று வரும். காய்ச்சலில் கிடந்தபோது திரை நிறையப் பூ. கஞ்சி கொண்டுபோனது நான்.

தம்பி இதே நகரத்தில்தான் இருக்கிறான், இரண்டு பேருந்து தூரத்தில். அவர்களுக்குள் பேச்சு நின்றதும் இந்தப் புதுப்பிப்பால்தான். தம்பி கடையின் பக்கத்தை அண்ணனே கட்டிக்கொடுத்து, புதியது எது வந்தாலும் தானாக ஏற்றுக்கொள்ளும்படி ஆசையாக அமைத்தும் கொடுத்திருந்தான். கடையைப் பெரிதாக்கித் திறந்த அன்று, தம்பி தன் மாமனார் வீட்டாரை வரிசையாக உட்காரவைத்து, பெரிய திரையில் பக்கத்தைத் திறந்து காட்டினான். வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை. அன்று காலைதான் அண்ணன் பழைய வசதி ஒன்றை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டிருந்தான். நானும் அங்கே இருந்தேன். மாமனார், “நல்லா சுத்தமா இருக்கு மாப்ள” என்றார். மைத்துனன்கள் சிரித்துவிட்டார்கள்.

தம்பி தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணா?”

ஒரு மன்னிப்பில் முடிந்திருக்க வேண்டியது. இவன் என்ன சொன்னான் தெரியுமா? “சொன்னேனேடா. போன பதிப்புலேருந்தே மஞ்சள் எழுத்துல சொல்லிக்கிட்டுதானே இருந்தேன். நீதான் படிக்கல.”

கண்ணாடி விற்கிறவன் கருவித் திரையை எங்கே பார்த்தான்.

“சரி. இனிமே மஞ்சள் எழுத்துலயே பேசிக்க” என்று வைத்துவிட்டான் தம்பி.

எங்கள் பெரியப்பா, அதாவது இவர்களுடைய அம்மாவின் அப்பா, கோபம் வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பார். பேரன்களுக்கு அதே ரத்தம், தட்டு மட்டும்தான் வேறு. அன்றே இவன் உட்கார்ந்து, பழைய பக்கங்களும் புதிய சட்டகத்தில் ஓடுகிற மாதிரி ஒரு பாலம் போட்டான். தம்பியின் பக்கம் எழுந்து நின்றது. தொலைபேசி மட்டும் வரவில்லை. அதற்குப் பிறகு இவனும் வேறெந்தக் கடையிலும் கண்ணாடி மாற்றவில்லை. ஒரு பக்கக் காது ஒடிந்து செப்புக் கம்பியால் கட்டியிருக்கிறது. பார்வை மங்க மங்க, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறான். இப்போதெல்லாம் கதவருகில் நின்றே என்னால் படிக்க முடிகிறது.

போன வாரம் ஏறிப் போனபோது, கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி திரையில் பேசிக்கொண்டிருந்தாள். “அண்ணா, அந்தப் பழைய பாலத்தை இந்தத் தடவையாவது எடுத்துடலாமா? எல்லாத்தையும் அதுதான் பின்னாடி இழுக்குது. அதுல இன்னும் யாரு போறாங்க?”

“ஒருத்தர் போறார்மா.”

“ஒருத்தரா? அப்ப அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துடுங்களேன். திங்கக்கிழமை வெளியிட்டாகணும்.”

அவளுக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்தது. இவன் தலையை ஆட்டிவிட்டு, சதுரத்துக்குள் அவள் முகம் அணைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“எடுத்தா என்ன ஆகும்?” என்றேன்.

“அவன் பக்கம் திரும்ப வெள்ளையாயிடும்.”

“ஆகட்டுமே. உடைஞ்சாத்தான் உன்னைக் கூப்பிடுவான்.”

“கூப்பிட மாட்டான் மாமா. வேற ஆளைக் கூப்பிடுவான். அந்த ஆள் எல்லாத்தையும் பிரிச்சுட்டு வேற எதுலயாவது புதுசா கட்டிக்கொடுத்துடுவான். அப்புறம் எனக்கு அங்க ஒண்ணுமே இல்லை” என்றான்.

“நீயே உள்ள போய்ச் சரிபண்ணிடேன். சாவி உன்கிட்டதானே இருக்கு?”

“இருக்கு. அவன் இன்னும் மாத்தல.” அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வந்து போனது. “சாவி இருக்குங்கிறதுக்காக, ஆள் இல்லாத வீட்டுல புகுந்து மேசை நாற்காலியை மாத்திப் போட முடியுமா மாமா? கேட்டுட்டுத்தான் செய்யணும்.”

கேட்பதற்கு அவன் எடுத்த வழியைப் பாருங்கள். மஞ்சள் எழுத்து எழுத உட்கார்ந்தான். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினான். “இந்த வசதி நீக்கப்படுகிறது. உதவி தேவைப்படுவோர் தொடர்புகொள்ளவும். எப்படி இருக்கு?”

“தண்ணி வராதுன்னு ஒட்டுற நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

மறுபடி தட்டினான். “முன்பு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.”

“வருந்துகிறோமா? நீயும் வேற யாரு?”

‘வருந்துகிறேன்’ என்று மாற்றினான். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குப் போகிற எழுத்தில் அது தனியாக நின்றது.

“அவன் படிக்க மாட்டான்டா” என்றேன். “அன்னைக்கும் படிக்கல.”

நான் இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை தேநீரோடு ஏறிப் போனேன். தம்பியின் பக்கம் திறந்திருந்தது. இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. சட்டைகளில் ஒன்று அவன் மேல் இருந்தது, பொத்தான் போடாமல். கட்டத்தில் அன்றைய நாளையே தேர்ந்தெடுத்திருந்தான். பெயர் கேட்கும் இடத்தில் ‘சோதனை’ இல்லை. ‘அண்ணன்’ என்று இருந்தது, கதவிலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரிதாக.

அழுத்தினான். நேரம் பதிவாகிவிட்டது என்று வந்தது. அதன் கீழே வழக்கம்போல ‘ரத்து செய்’யும் வந்தது.

பழகிய விரல் தானாக அந்தப் பக்கம் போனது. இவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கம்பி கட்டிய கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு மவுஸைத் தூக்கி மேசைமேல் மல்லாக்கத் திருப்பி வைத்துவிட்டு, வயிற்றில் சிவப்பு விளக்கு எரிய அது கிடக்க, எழுந்து நின்று சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தான்.