மாமியார் கட்டிலில் ஒரு மாணவி

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கதை கட்டுகிறவள் தன்னை நல்லவளாகக் காட்டித்தான் கட்டுவாள். இதில் நான் நல்லவள் இல்லை.

என் பெயர் மார்யூரி. தென் அமெரிக்காவில், ஈக்வடாரின் மனபி கடற்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வாரம் வந்து தங்குவார்கள். காலையில் பாடம், பகலெல்லாம் கடல், ஓய்வு. சாப்பாடும் படுக்கையும் எங்களைப் போன்றவர்கள் வீட்டில்.

என் மாமியார் எர்மிலா ஒரு வியாழக்கிழமை செத்தாள். இடுப்பு ஒடிந்து ஏழு மாதம் படுக்கை. உடம்பு கிடந்ததே தவிர வாய் ஓயவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'செவிட்டுக் கழுதே' என்பாள். அன்று மத்தியானம் நான் ஊட்டிய மீன் சூப்பை என் முகத்திலேயே துப்பினாள். பிறகு, சரியாக நாலு பத்துக்கு, தண்ணீர் கேட்டுக் கத்தினாள். நாலு மணித் தொடரில் முதல் விளம்பரம் வரும் நேரம் அது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. சூப்பைத் துப்பிய ஆத்திரம் எனக்கு ஆறவில்லை. கத்தட்டும் என்று டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். முடிந்திருந்தது.

தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னேன். சூரை மீன் பிடிக்கும் கப்பலில் இருந்த என் வீட்டுக்காரர் எவாரிஸ்டோவுக்கும் கம்பெனியின் சாட்டிலைட் போன் வழியாக அதையே சொல்லி அனுப்பினேன். அவர் அம்மா பிள்ளை. உண்மை தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டார். மறு வெள்ளிக்கிழமைதான் கப்பல் கரைக்கு வரும்.

எங்கள் பக்கம் செத்தவர்களுக்கு ஒன்பது நாள் ஜெபம். அது முடியும்வரை அவர்கள் கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளியிலிருந்து ஒரு மாணவி பெட்டியோடு வந்து நின்றாள். முன்னமே ஒத்துக்கொண்டது. மறுத்தால் அடுத்த தெரு நெல்வாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், அதன்பின் என் வாசலுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். வீட்டில் வேறு கட்டில் இல்லை, மாமியார் மெத்தையைப் புரட்டிப் போட்டேன். புது விரிப்பு விரித்தேன். ஜெபத்துக்கு வந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெண் பெயர் சிக்னே. டென்மார்க்காரி. சாது. ஸ்பானிஷில் ஒரு வார்த்தை தெரியாது. காதில் விழுவதையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வாள். சாயங்காலம் என்னிடம் காட்டி அர்த்தம் கேட்பாள்.

திங்கட்கிழமை. கடலில் குளித்துவிட்டு வந்து அறையில் படுத்திருந்தாள். நான் டிவி முன்னால். விளம்பரம் போட்டான். அறைக் கதவு திறந்தது.

"அம்மா… தண்ணி… என்ன?"

தாகம் போலிருக்கிறது என்று ஒரு தம்ளர் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நோட்டைக் காட்டினாள். அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. பிறகு கட்டில் பக்கம் கையைக் காட்டினாள்.

வகுப்பில் படித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, நாலு பத்து. மறுபடியும் நோட்டு. இந்த முறை ஒரு முழு வரி. கோணல் மாணலாக எழுதியிருந்தாள். வாய்விட்டுப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

'செவிட்டுக் கழுதே, தண்ணி கொண்டா.'

 அவள் டீச்சர் கத்தியுஸ்காவுக்குப் போன் போட்டேன். இதெல்லாமா சொல்லிக்கொடுக்கிறாய் என்று சண்டைக்கே போனேன். அவள் சிரித்தாள். இன்னும் கலர் பேர்களையே தாண்டவில்லை என்றாள்.

புதன்கிழமை மூன்றரைக்கே சிக்னேயைக் கடற்கரைக்குத் துரத்திவிட்டேன். அறையைப் பூட்டினேன். டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தேன். நாலு எட்டு. நாலு ஒன்பது. நாலு பத்து… ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

நாலு பதினேழு. சிக்னே ஓடி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கடலுக்குள் நின்றபோது கேட்டதாம், சைகையால் காட்டினாள். காதுக்குப் பக்கத்தில். மறந்துவிடும் என்று ஈரக்கையோடு எழுதியிருந்தாள்.

'டிவிய அணை. உனக்குக் கேக்குது. எனக்குத் தெரியும்.'

வியாழக்கிழமை நாலு பத்துக்குக் கதவு திறக்கவே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் வறுத்த வாழைக்காயைக் கிள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நோட்டைக் காட்டவில்லை. இப்போது தனக்கே புரிகிறதாம்.

"பாட்டி… பாவம்," என்றாள். "நாளைக்கு வாசிக்கறேன்."

தட்டைத் தள்ளிவைத்தேன். கடைசி நாள் பள்ளியில் ஒரு வழக்கம். தங்கிய வீட்டைப் பற்றி ஒவ்வொரு மாணவரும் எழுதி வாசிக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் எல்லோரும் எதிரில் உட்கார்ந்து கேட்பார்கள். எவாரிஸ்டோவும் கேட்பார்.

அவள் குளிக்கப் போன நேரம் நோட்டை எடுத்தேன். பக்கம் பக்கமாகக் கிழித்தேன். அடுப்பில் போட்டேன். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

வெள்ளிக்கிழமை. பள்ளியின் ஓலைக் கொட்டகை. கேக், பழச்சாறு. எவாரிஸ்டோ கப்பலிலிருந்து நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிக்னே கடைசியாக எழுந்தாள். கையில் தாள் இல்லை.

கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நாலு பத்து.

வாயைத் திறந்தாள்.

"தண்ணி…"

அது சிக்னேயின் குரல் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சு. பல்லில்லாத வாய். கபம் கட்டிய தொண்டை.

"செவிட்டுக் கழுதே… தண்ணி கொண்டா… டிவிய அணை…"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் எப்படிப் பேசுகிறாள் பார் என்று நெல்வா கை தட்டினாள். கத்தியுஸ்கா மட்டும் சிரிக்கவில்லை.

சிக்னேயின் பார்வை என்னை விட்டு மெல்ல நகர்ந்தது. எவாரிஸ்டோமேல் நின்றது.

"ரேடியோவ அணைச்சவனே… உனக்கும் கேட்டுது."

எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது.

என் கையைப் பிடித்திருந்த கை… ஐஸ்.

எவாரிஸ்டோ எழுந்தார். கொட்டகையை விட்டு வெளியே போனார். பின்னால் கை தட்டல் கேட்டது. சிக்னே உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் பழச்சாறு குடித்தாள்.

ஓடினேன். அலை ஓரத்தில் மண்டி போட்டிருந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கட்டும். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார்.

அம்மா செத்த அன்று நாலு பத்துக்குக் கப்பல் ரேடியோவில் கேட்டதாம். தண்ணீர் வேண்டும் என்று. கரையிலிருந்து எந்த ரேடியோவும் எட்டாத தூரம். எவனோ விளையாடுகிறான் என்று அணைத்துவிட்டாராம். மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். தினமும் நாலு பத்துக்கு. தினமும் அணைத்தாராம்.

"நேத்து அணைக்கல," என்றார். "நேத்து அம்மா தண்ணி கேக்கல."

"வேற என்ன கேட்டாங்க?"

"உன்னை."

அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அனுப்பறேன்னு சொல்லிட்டேன்."