வகுப்பிலிருந்து தூக்கிய கதிரை

எங்களுக்கு மன அமைதி சொல்லித்தர ஒரு நாள் ஒதுக்கினார்கள். பிரசவ வாட்டுத் தாதிமார் களைத்துப்போயிருக்கிறார்களாம். இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். கீழ் மண்டபத்தில் கதிரை போதாதென்று, எங்கள் வாட்டில் கட்டிலோரம் கிடந்தவற்றையெல்லாம் காலையிலேயே அள்ளிக்கொண்டு போனார்கள். டியூட்டியில் இருந்தவர்கள் கால் கடுக்க நின்றார்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

பாடம் நடத்த வந்தவர் நல்ல மனுசிதான். கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், சிநேகிதிக்கு ஆறுதல் சொல்வதுபோல உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்கு நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. தமிழ்த் தாய் ஒருவருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம்.

என்ன விஷயமென்று எனக்குத் தெரியும். எங்கள் வாட்டில் தமிழ் தெரிந்த தாதி நான் ஒருத்திதான். பெண் குழந்தை, சுகமாக இருக்கிறது என்று சொல்ல யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அதற்குச் சிரிப்பும் சைகையும் போதும். குழந்தையின் இதயம் நின்றுவிட்டது என்று சொல்லத்தான் நான் வேண்டும். சொன்ன கையோடு, போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்பார்கள். அப்படியானால் இது வேலை இல்லையாக்கும்.

தாய் கொட்டாஞ்சேனைப் பிள்ளை, முதல் பிரசவம். டொக்டர் கால்மாட்டில் நின்று சிங்களத்தில் இரண்டு வசனம் சொன்னார். நானும் நின்றபடியே தமிழில் சொன்னேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவள் சுற்றிலும் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள்.

"மிஸ், இங்க அழலாமா?"

பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு கதிரைகூட இல்லை. இதோ வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். மண்டபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். என் கதிரையைத் தூக்கினேன். பாடம் நடத்தியவர் பதறிப்போய், முடியும்வரை இருங்கள் என்றார். இது வாட்டுக் கதிரை என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினேன்.

கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"அழுங்கோ பிள்ளை. நான் இருக்கிறன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், சீருடையோடுதான். இத்தனை பேருக்குச் சொன்னதற்கும் சேர்த்து அழுதேன். வாட்டுப் பொறுப்பாளர் வந்து, சொல்லியாயிற்றுத்தானே, இனி எழும்பலாமே என்றார்.

இன்னும் முடியவில்லை என்றேன். எழும்பவில்லை.