வண்டு காரில் தொங்கிய விற்பனைப் பலகை

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், எங்கள் ஊர் சபேட்டோவில் இந்தியர்கள் நாட்டை விட்டுப் போக வீட்டுக்கு ஒரு பெட்டியாவது கட்டி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. போகிறவர்களைத் தினமும் பார்த்ததில் அவருக்கும் அந்த எண்ணம் தொற்றிக்கொண்டது. சிட்னியில் இருந்த அவருடைய அண்ணன் வேறு, எப்போது வருகிறீர்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் நச்சரித்தார். முதலில் காரை விற்போம் என்றார் இவர். எனக்குப் போக மனமே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், நான் ஜெயித்தும் இருப்பேன். ஆனால் பின்னால் ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில் விழும். அதனால் சும்மா இருந்தேன்.

எங்களுடையது பின்பக்கம் எஞ்சின் வைத்த, முதுகு வளைந்த வண்டு கார். அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கிடையாது. காற்றில்தான் எஞ்சின் ஆற வேண்டும். அத்தனை வருஷமும் ஒழுங்காக ஆறியது. விற்பனைப் பலகை மாட்டிய மறுநாளிலிருந்து மேடு ஏறினால் அனலாய்க் கொதித்தது. முதலில் ஓட்டிப் பார்க்க வந்தவர், மேலே கிராமத்தில் இருந்த ஃபிஜிய வாத்தியார். பாதி மேட்டில் இறங்கி, சிரித்துக்கொண்டே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

இவர் விட்டாரா? கரும்புத் தோட்டம் எரித்ததில் பறந்து வந்து எஞ்சினில் படிந்த கரியைத் துடைத்தார், விசிறி பெல்ட்டை இறுக்கினார். காற்றைப் பிடித்து உள்ளே தள்ளட்டும் என்று பிஸ்கட் டின்னை வெட்டி இரண்டு பக்கமும் மாட்டினார். காருக்குக் காது முளைத்ததுதான் மிச்சம். அடுத்து வந்தவரும் பாதி மேட்டிலேயே கையை விரித்தார். அதன் பிறகு இவர் எஞ்சின் பக்கம் போகவேயில்லை.

ஒரு சனிக்கிழமை காரைக் கழுவும்போதுதான் கவனித்தேன். எஞ்சின் மூடியில் காற்று போக வரிவரியாய்த் திறப்பு உண்டு. மனுஷர் பலகையை அதன் மேலேயே வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். மூக்கைப் பொத்திவிட்டு மூச்சு வரவில்லை என்றால் எப்படி வரும்? சிரிப்பு வந்தது, கூடவே பயமும். சொன்னால் கார் விற்றுப்போகும். பலகையைப் பளபளவென்று துடைத்துவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் அண்ணனின் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, வெட்கமாகவும் இருந்தது.

"அந்தப் பலகய கழட்டுங்க. காத்து போற வழிய அதுதான் அடச்சிருக்கு. எனக்கு ரெண்டு வாரமா தெரியும்."

கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

"அரே, ரெண்டு வாரந்தானா? எனக்கு ஒரு மாசமா தெரியும்."

"அப்ப ஏன் கழட்டல?"

"கழட்டுனா வித்துப்போவும். கார் விக்கலன்னு எழுதுனா அண்ணன் திட்ட மாட்டாரு. வர மனசில்லன்னு எப்படி எழுதறது?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு குறடு ஒன்றை எடுத்துப் போய்ப் பலகையைக் கட்டியிருந்த கம்பியை நானே வெட்டினேன். அவர் பேனாவை எடுத்து, நாங்கள் வரவில்லை என்று எழுதினார். காகிதத்தை என் பக்கம் தள்ளி, நீயும் கையெழுத்துப் போடு என்றார். போட்டேன்.